முட்டுவீட்டுச் சுவர் நடந்த கதை

எங்க உப்போடைப்பட்டியில ஒரு சுவரு நடந்துச்சு. நடந்துச்சுன்னா கை காலு மொளைச்சு ஓடுச்சுன்னு நெனைச்சுக்கிறாதீக. ஆடு மேயுற மாதிரி, அவசரமில்லாம, நின்னு நின்னு, யாரு என்ன சொல்றாகன்னு காது கொடுத்துக்கிட்டே நடந்துச்சு. கேட்டுச் சிரிக்கிறவுக சிரிச்சுக்கங்க, எனக்கொண்ணும் கொறைஞ்சு போயிறாது. நான் செல்லக்கிளி, அந்தச் சுவருக்கு உள்பக்கம் உக்காந்திருந்தவ, அது மொத அடி எடுத்து வச்சதை என் ரெண்டு கண்ணால பாத்தவ, அதனால சொல்றேன்.

அது முட்டுவீட்டுச் சுவரு. தெரியாதவுகளுக்குச் சொல்றேன்: எங்க ஊருல பொம்பளை வீட்டுக்குத் தூரமானா வீட்டுல இருக்கக் கூடாது, ஊருக்கு வெளிய ஓடைக்கரையில இருக்குற ஒத்தை அறையில போயிக் கெடக்கணும், பிள்ளை பெத்தவளும் பச்சப்பிள்ளையோட அங்கதான், வயசுக்கு வந்த பிள்ளையும் மாசம் முடியிற வரைக்கும் அங்கதான். அதுக்குப் பேரு முட்டுவீடு; முட்டுன்னா தீட்டு. தட்டு, டம்ளரு, பாயி எல்லாம் தனி, பையில கட்டி எதுத்தாப்புல இருக்குற வேப்பமரத்துல தொங்கும். உள்ள இருக்குறவ கோயில் தெருவுல நடக்கக் கூடாது, ஓடையில எறங்கித்தான் சுத்திப் போகணும். உள்ள பொங்குன சோத்தை வெளிய இருக்குறவுக திங்கக் கூடாது. ஆம்பளை அந்தச் சுவரைத் தொட்டுட்டா தலைமுழுகிட்டு அடுத்த அமாவாசை வரைக்கும் கோயில் படி மிதிக்கக் கூடாது. மீறினா மழை பேயாது, மாட்டுக்கு மடி வத்திப்போகும். மடி வத்துன மாட்டுக்கெல்லாம் காரணம் நாங்க; மழை பேஞ்சா மட்டும் காரணம் சோணை பூசாரி. எங்க ஊரு நியாயம் அப்படி.

என் பிள்ளை அங்கதான் போச்சு. போன வருசம் ஐப்பசி அடைமழையில, தொப்புள்கொடி காயாத ஆம்பளைப் பிள்ளை, மேல தகரம் ஒழுகி, கீழ தரை ஊறி, கட்டியிருந்த சேலையை அவுத்துச் சுத்தி நெஞ்சோட அணைச்சு வச்சிருந்தும், விடியிறப்ப என் கையிலேயே வெறைச்சுப்போச்சு. கத்துனேன். மழைச் சத்தத்துல கேக்கலைன்னாக. மழை விட்ட பிறகும்தான் கத்துனேன், அதுக்கு எந்தச் சத்தம் குறுக்க வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லலை. யாரோ முறை தப்பியிருக்கீகன்னு பூசாரி சொன்னாரு, ஊரே திரும்பி என்னையப் பாத்துச்சு. வயிறு எரிஞ்சுச்சு எனக்கு, இன்னமும் எரியுது, அதைச் சொல்லிட்டே மேல சொல்றேன்.

மொக்கப்பன் எனக்கு அண்ணன் முறை, அவரு பொண்டாட்டி ஒச்சம்மா மதினி. அவுகளுக்கு ஒத்தைப் பிள்ளை நாகஜோதி. பிள்ளைக்கு இளைப்பு, குளிர் காத்துப் பட்டாலே நெஞ்சு விசிலடிக்கும், வாயில வச்சு உறிஞ்சுற மருந்தைப் பாவாடை நாடாவுல முடிஞ்சுக்கிட்டேதான் பள்ளிக்கூடம் போகும். ஈரத்துலயும் புகையிலயும் இந்தப் பிள்ளையை விட்டுறாதீகன்னு டவுன் டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பியிருந்தாரு. அது கார்த்திகை மழையில வயசுக்கு வந்துச்சு. நேரங்காலம் பாத்தா வருது இதெல்லாம்?

மதினி கோயில் வாசல்ல போயி நின்னு, வீட்டுலேயே மாட்டுக்கொட்டத்துப் பக்கம் ஒரு ஓரமா வச்சுக்கிறேன்னு கேட்டாக. "ஒரு பிள்ளைக்காக ஊரைக் கெடுக்கச் சொல்றியா"ன்னாரு சோணை பூசாரி. அண்ணன் பக்கத்துல துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாரு, வாயத் திறக்கலை. அவரு கெட்டவரு இல்லை, அந்த ஊருல ஆம்பளையாப் பொறந்தவரு, அம்புட்டுத்தான். பிள்ளையக் கொண்டாந்து விட்டாக. நானும் அப்பத்தான் தூரமாகி உள்ள கெடந்தேன், எந்த மூலையில என் பிள்ளை வெறைச்சுச்சோ அந்த மூலையைப் பாக்காம இருக்க இந்த மூலையில கெடந்தேன். மதினி உள்ள வர முடியாது. முறை இல்லாத நேரத்துல உள்ள காலு வச்ச பொம்பளையை அப்புறம் ஊருக்குள்ளேயே சேக்க மாட்டாக.

அன்னைக்குச் சாயங்காலம் தூத்தல் விழுந்துக்கிட்டே இருந்துச்சு. மதினி வீட்டுக்குப் போகலை; ஒரு சாக்கைக் கீழ போட்டு, இன்னொரு சாக்கைத் தலையில கொங்காணியாப் போட்டுக்கிட்டு, வெளிப்பக்கம் சுவருல முதுகைச் சாச்சு உக்காந்துட்டாக. உள்பக்கம் அதே சுவருல பிள்ளை சாஞ்சு உக்காந்திருக்கு. நெஞ்சு விசிலடிக்கிறது சுவரு வழியா அவுக முதுகுல கேக்குதாம். ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, யாரையோ பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிடுற மாதிரி சொன்னாக: "ஏ சுவரே, நான்தான் உள்ள வரக் கூடாது. நீ வெளிய வரக் கூடாதுன்னு எவனும் சொல்லலையே."

அவுக சொல்றது சரிதானேன்னு சுவருக்குப் பட்டிருக்கும்போல. நகர்ந்துச்சு. ஓடைத் தண்ணி காலைச் சுத்திக்கிட்டுப் போகுமே, அந்த மாதிரி மதினியைச் சுத்தி வழிவிட்டுப் போயி அந்தப் பக்கம் நின்னுக்கிச்சு. மேல தகரமும் கூடவே இழுபட்டுப் போச்சு. பாத்தா, மதினி சாக்கோட உள்ள உக்காந்திருக்காக. நான், "மதினி, அங்கன ஒழுகும், இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க"ன்னேன். அவுக பிள்ளையத் தூக்கி நெஞ்சுல நிமித்தி வச்சு, முதுகைத் தடவிக் கொடுக்க ஆரம்பிச்சாக. விடியிறதுக்குள்ள விசில் அடங்கிப்போச்சு.

காலையில பூசாரி வந்தாரு, கூட நாலு பெரியாம்பளைக வந்தாக. "யாரைக் கேட்டு உள்ள போன?"

"நான் போகலை"ன்னாக மதினி. "அது வந்துச்சு."

பாத்தாக. சாக்கு நேத்துப் போட்ட இடத்துலேயேதான் கெடந்துச்சு, சேத்துல காலடித் தடம் ஒண்ணுகூட இல்லை. கொத்தனாரு வெள்ளையப்பனைக் கூட்டியாந்து காட்டுனாக; அவரு தொடாம, எட்ட நின்னு, குனிஞ்சு நிமிந்து பாத்துட்டு, "செங்கலும் பழசு, சாந்தும் பழசு. வேலை சுத்தம்"னுட்டு வெத்திலை போடப் போயிட்டாரு. முறை தப்பினது பொம்பளைன்னா தண்டிக்கலாம், சுவருன்னா என்ன செய்யிறதுன்னு எங்க முறையில இல்லை. அதனால பேசிப் பேசி, சுவருக்கு உள்பக்கம் இருக்குறதெல்லாம் முட்டு, வெளிப்பக்கம் இருக்குறதெல்லாம் சுத்தம்னு தீர்ப்புச் சொல்லிட்டு எந்திரிச்சாக. அந்தத் தீர்ப்புதான் அவுகளைக் கெடுத்துச்சு.

ஏன்னா சுவரு நிக்கலை, மத்த மூணும் அது கூடவே வெளிய நகர்ந்துச்சு. முதுகு கொடுத்தா நகருதுங்கிறதை நாங்க கண்டுக்கிட்டோம். கையால தள்ளினா அசையாது, முதுகைச் சாச்சு உக்காந்து, மனசுல உள்ளதைச் சொன்னா நகரும். விருமாயி தூரமாகி வந்தவ, தட்டெடுக்க மழையில நனைய வேண்டியிருக்குன்னு சொன்னா. வேப்பமரம் உள்ள வந்துச்சு, பைகளோட. தகரம் அதோட இழுபடுறதை விட்டுருச்சு, அதுக்கு மேல வானம்தான், மழை பேஞ்சா நனைவோம், நனைஞ்சாலும் உள்ளதான் நனைவோம். தண்ணிக்கு அலைய முடியலைன்னு ஒருத்தி சொன்னா, குழாயடி உள்ள வந்துச்சு. பிள்ளைக்குப் படிப்புப் போகுதேன்னு மதினி சொன்னாக, சுவரு ஓடைக்கரையை விட்டு ஏறி, புளியமரத்தைத் தாண்டி, பள்ளிக்கூடத்தை எடுத்துக்கிச்சு. வாத்தியாரு போர்டுல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவரு ஜன்னல் வழியா ஒரு பார்வை பாத்துட்டு, நாகஜோதியைப் பாத்து, "வந்துட்டியா, உக்காரு"ன்னுட்டு மிச்சக் கணக்கை எழுதுனாரு.

ஊரு எதுக்கும் பழகிரும். கோழிக சுவரு மேல ஏறி நின்னு கூவுச்சு. பிள்ளைக, இன்னைக்கு யாரு வீடு உள்ள போகும்னு பந்தயம் கட்டுச்சுக. தபால்காரரு வாசல்ல நின்னு மணியடிச்சு, உள்ளயா வெளியவான்னு கேட்டுட்டுக் கொடுத்தாரு. பொம்பளைகளுக்கு ஒரு சங்கடமும் இல்லை, சுவரு வந்தா அடுப்பைக்கூட அணைக்காம உள்ள இருந்துக்கிட்டோம். ஆம்பளைகதான் பாவம், அவுக தீர்ப்பு அவுகளையே விரட்டுச்சு. சுவரு வர வர, பாயைச் சுருட்டிக்கிட்டு, ரேடியோவைத் தூக்கிக்கிட்டு, பின்னால பின்னால போயி, கடைசியில எல்லாரும் கோயில் வளவுக்குள்ள போயி நெரிசலா உக்காந்துக்கிட்டாக. நாங்க பொங்குனதைத் திங்கக் கூடாதுல்ல, அதனால அவுகளே பொங்குனாக. அந்தக் குழம்பு வாசம் தெக்காலக் காத்துல வரும்போதெல்லாம் விருமாயி மூக்கைப் பொத்திக்கிட்டு, "சாமி குத்தம் இதுதாண்டி"ன்னு சொல்லுவா.

இடிச்சிருக்கலாமேன்னு கேப்பீக. ஆம்பளை தொடக் கூடாதே. டவுனுல இருந்து ஜேசிபி கூட்டியாந்தாக, அந்த டிரைவரு வெளியூரு, அவருக்கு முறை கெடையாது. வண்டியை நிறுத்தி, இந்தச் சுவரான்னு கேட்டு, ஆமாங்குறதுக்குள்ள சுவரு வண்டியையும் அவரையும் தாண்டி நின்னுச்சு. உள்ள இருந்துக்கிட்டு இடிச்சா யாரு வீட்டை இடிக்கிறதுன்னு அவருக்குக் குழப்பம். எறங்கி வந்து ஒரு டீ குடிச்சாரு, நல்லா இருக்குன்னு இன்னொண்ணு குடிச்சாரு, வண்டியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

மொக்கப்பன் அண்ணன் தெனமும் பிள்ளைக்குத் தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டாருவாரு. பிள்ளைக்கு நாங்க பொங்கிப் போடுறோம்னு தெரியும், இருந்தாலும் கொண்டாருவாரு. மொதல்ல வேப்பமரத்தடியில வச்சுட்டு ஒதுங்கி நிப்பாரு. வேப்பமரம் உள்ள வந்த பிறகு புளியமரத்தடியில வச்சாரு. புளியமரமும் உள்ள வந்த பிறகு சாவடிப் பக்கத்துல. பிள்ளை எடுத்துக் குடிக்கிறதைத் தூரத்துல நின்னு பாத்துட்டுப் போவாரு, தெனமும் கொஞ்சம் கூடத் தூரத்துல. "அப்பா, கிட்ட வாங்கப்பா, ஒண்ணும் செய்யாது"ன்னு பிள்ளை கூப்பிடும். அவரு துண்டால மூஞ்சியைத் தொடைச்சுக்குவாரு.

கோயில் தெருவுக்கு இந்தப் பக்கம் வந்ததும் சுவரு நின்னுச்சு. சுவரு மேல தப்பில்லை, நாங்கதான் நிறுத்துனோம். பிள்ளையிலேருந்து ஊட்டி வளத்த பயம், பத்து நாள்ல போயிருமா? அப்பத்தான் பூசாரி கோடாங்கி அடிச்சுக் குறி கேட்டு ஆளனுப்புனாரு: நாகஜோதியை மட்டும் பழைய அறை இருந்த இடத்துல தனியா ஓலை மறைப்புக் கட்டி விடணும், மாசம் முடியிற வரைக்கும் ஆத்தாகூடக் கிட்டப் போகக் கூடாது, அப்படிச் செஞ்சா சுவரு பழைய இடத்துக்குப் போயிரும், எல்லாரும் பழையபடி இருக்கலாம், செஞ்சதெல்லாம் மன்னிச்சு விட்டுருவோம்.

சில பொம்பளைகளுக்கு அது நல்லதாத்தான் பட்டுச்சு. புருசனை விட்டு எத்தனை நாளு இருக்குறது, தைப் பொங்கலு வருது, ஒரு பிள்ளை கொஞ்ச நாளு தனியா இருந்தா என்னன்னு ஒருத்தி மெதுவா ஆரம்பிச்சா. மதினி யாரையும் பாக்காம, பிள்ளைக்குத் தலை சீவிக்கிட்டே இருந்தாக. நான் எந்திரிச்சு அந்தப் பழைய மூலைக்குப் போனேன். சுவருக எல்லாம் போன பிறகும் தரை மட்டும் அங்கன சதுரமா மிஞ்சிக் கெடக்கு. "இங்கனதான் என் பிள்ளை செத்துச்சு"ன்னேன். "இந்தப் பிள்ளையையும் இங்கனதான் போடணும்னா, உங்கள்ல எவ தூக்கியாந்து போடுறீக, அவ முன்னால வாங்க, நான் பாக்குறேன்." யாரும் வரலை. ஆரம்பிச்சவ வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. முடியாதுன்னு பூசாரிக்குச் சொல்லி அனுப்பிட்டோம்.

மார்கழிப் பனி அதுக்குள்ள எறங்கிருச்சு. ஒரு நாள் காலையில நாகஜோதிக்கு இளைப்பு வந்துச்சு, எப்பவும் வர்ற மாதிரி இல்லை. உறிஞ்சுற மருந்து தீந்துபோயி வெறுங்காத்துதான் வருது. பிள்ளைக்குப் பேச்சு வரலை, தோளு ரெண்டும் காதுகிட்ட ஏறிருச்சு, உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிருச்சு. டவுனு ஆசுபத்திரிக்குப் போகணும். மலைப்பக்கம் பேஞ்ச மழையில ஓடை கரை புரண்டு ஓடுது, அந்த வழி இல்லை. ரோட்டுக்குப் போக இருக்குற இன்னொரு வழி கோயில் தெரு.

அப்ப யாரும் யோசனை கேக்கலை. கயித்துக் கட்டிலைப் போட்டுப் பிள்ளையை உக்கார வச்சோம், படுக்க வச்சா மூச்சு நின்னுரும். மதினி கட்டிலோட பக்கத்துல நின்னு நெஞ்சையும் முதுகையும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டாக. கட்டில் காலை மூணு பேரு பிடிச்சோம், நாலாவது காலுக்கு விருமாயி பொண்ணு, அது சின்னது, கட்டில் ஒருபக்கம் சாஞ்சு சாஞ்சு போகுது. மத்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் சுவருல முதுகைக் கொடுத்தாக. முதுகைக் கொடுத்தா பின்னாலதானே நடக்க முடியும்? ஆக, முகத்தைப் பிள்ளை பக்கமும் முதுகைக் கோயில் பக்கமும் வச்சுக்கிட்டு, சாமிக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு சொல்லி வளத்த பொம்பளைக, ஊரே பாக்க, சாமிக்கு முதுகு காட்டிக்கிட்டே கோயில் தெருவுல நடந்தாக. "போ ஆத்தா, போ, பிள்ளைக்கு மூச்சில்லை"ன்னு சுவருக்கிட்டச் சொல்லிச் சொல்லி நடந்தாக. நாங்க யாரும் முட்டுவீட்டை விட்டு ஒரு அடி வெளிய வரலை. வீடுதான் தெருவுக்கு வந்துச்சு.

ஆம்பளைக பின்னால போனாக, படிக்கட்டு வரைக்கும் போனாக, வளவுச் சுவரோட ஒட்டி நின்னாக. மொக்கப்பன் அண்ணன் மட்டும் அன்னைக்குக் கஞ்சியைக் கொண்டுக்கிட்டு நடுத்தெருவுல வந்துக்கிட்டு இருந்தாரு. சுவரு வாசல் வழியா மகளைப் பாத்தாரு. நின்னாரு.

"மொக்கா, ஒதுங்குடா"ன்னு பூசாரி படியில இருந்து கத்துனாரு. "மொக்கப்பா, வந்துரு இங்கிட்டு"ன்னு எல்லாரும் கத்துறாக. எனக்கு அந்த நேரத்துல அண்ணன் முகத்தைப் பாக்கவே பயமா இருந்துச்சு, எங்க பழையபடி துண்டால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு இன்னும் நாலு அடி தள்ளிப் போயிருவாரோன்னு. அவரு தூக்குச்சட்டியைக் கீழ வச்சாரு. நிமிந்து நின்னுக்கிட்டாரு. ஒதுங்கலை.

சுவரு அவரைச் சுத்திக்கிட்டு வந்து அந்தப் பக்கம் நின்னுச்சு. அவரு ஓடியாந்து விருமாயி பொண்ணு கையில இருந்து கட்டில் காலை வாங்கித் தூக்கிப் பிடிச்சாரு, கட்டில் நேரா நின்னுச்சு. இன்னொரு கையால மகளோட பாதத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. "மூச்சை விடு ஆத்தா, அப்பா வந்துட்டேன், மெதுவா விடு"ன்னு சொல்லிக்கிட்டே நடந்தாரு. நான் அழுதேன், அழுதுக்கிட்டேதான் தூக்குனேன்.

பூசாரி சாமி அருவாளை ரெண்டு கையாலயும் எடுத்துக்கிட்டுப் படியை விட்டு எறங்கி வந்து நின்னாரு. வெட்டணும்னா அருவா சுவருல படணும். பட்டா அது சாமி அருவா, அது முட்டாயிரும். ஓங்கின கை ஓங்கினபடியே நிக்குது. அவரு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள சுவரு அவரைத் தாண்டிருச்சு, படியைத் தாண்டிருச்சு, மணியைத் தாண்டி, உண்டியலைத் தாண்டி, வளவுக்குள்ள இருந்த அம்புட்டு ஆம்பளைகளையும் தாண்டி, கருவறையில இருந்த சாமியையும் தாண்டி ரோட்டைப் பாத்துப் போச்சு. மணி தானா அடிக்கவும் இல்லை, இடி விழவும் இல்லை. பூசாரி கையில இருந்த அருவாளைப் பாத்தாரு, எங்களைப் பாத்தாரு, மெதுவாப் படியில உக்காந்துட்டாரு. ரோட்டுல முத மினிபஸ் நின்னுக்கிட்டு இருந்துச்சு. பிள்ளையை ஏத்துனோம்.

அப்புறம் ஊருல ஒரு வாரமாப் பேச்சு. தீட்டுக் கழியத் தலைமுழுகணும், முழுகுற தண்ணி உள்ள இருக்கு. வெளிய போயிச் சுத்தமாகலாம்னா, வெளிய எங்க இருக்குன்னு தேடித் தெக்கால போனவுக சுவரைப் பாக்காமலே திரும்பி வந்தாக. கோடாங்கி அடிச்சுச் சாமிக்கிட்டயே கேட்டாக, அது ஒண்ணும் சொல்லலை. சாமிக்கு அதுல வருத்தம் இருந்த மாதிரியும் தெரியலை. முட்டுவீட்டுக்குள்ள புதுசா வந்தவுகளுக்குத் தட்டெடுத்துக் கொடுக்குறது எங்க வழக்கம். வேப்பமரத்துப் பையில இருந்து, ஓரம் நெளிஞ்ச ஒரு அலுமினியத் தட்டைக் கழுவி, பொங்கல் வச்சு, நான்தான் கொண்டுபோயிச் சாமி முன்னால வச்சேன். யாரும் தடுக்கலை. எல்லாருக்கும் பசி, பூசாரியே முதல் ஆளா உக்காந்து சாப்பிட்டாரு.

நாகஜோதி ஆசுபத்திரியில இருந்து அப்பன் ஆத்தாளோட பஸ்ஸுல வந்து எறங்கி, கோயில் தெருவுல நடந்து வந்துச்சு. படியில உக்காந்திருந்த பூசாரி, பழக்க தோசம், கையை நீட்டி, "ஏத்தா, மாசம் முடியலையே, ஓடை வழியா ஒதுங்கிப் போ"ன்னாரு.

பிள்ளை நின்னு, நாலா பக்கமும் பாத்துச்சு. "எந்தப் பக்கம் ஒதுங்கணும் பெரியப்பா? நீங்களும் உள்ளதானே இருக்கீக?"ன்னு கேட்டுச்சு. நக்கலாக் கேக்கலை, வழி தெரியாம கேக்குற மாதிரிதான் கேட்டுச்சு. அவரும் நாலா பக்கமும் பாத்தாரு. அப்புறம் காலை மடக்கிக்கிட்டுப் பிள்ளைக்கு வழி விட்டாரு.

சுவரு இப்ப எங்க இருக்குன்னு தெரியலை. மலைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவுக பாத்ததாச் சொல்றாக. எனக்கு அது மேல ஒரு கோவம் உண்டு, ஒரு வருசம் முந்தி நடந்திருக்கக் கூடாதா, என் பிள்ளைக்கு நடக்க என்ன கேடுன்னு. மதினிக்கிட்டச் சொல்லி அழுதிருக்கேன். யோசிச்சுப் பாத்தா, அன்னைக்கு நான் கத்திக் கூப்பிட்டது ஊரை. மதினி கூப்பிட்டது சுவரை. சுவருக்குக் காது இருந்துச்சு.

இப்பவும் சாயங்காலமானா அந்தப் பழைய தரையில போயி உக்காருவேன், என் பிள்ளை கெடந்த மூலையில. நேத்து நாகஜோதி பள்ளிக்கூடம் விட்டு வந்து, "என்ன அத்தை, இங்கனயே உக்காந்திருக்கீக"ன்னு பையை இறக்கி வச்சுட்டு, என் முதுகுல முதுகைச் சாச்சு உக்காந்துக்கிச்சு. அதோட மூச்சு என் முதுகுல கேட்டுச்சு. விசில் இல்லை. நான் அசையாம உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன்.